தகுதியானவர் எவருமில்லை

அருவிமேடு பல்கலைக்கழகத்தின் நன்னீர் ஆய்வு இருக்கைக்கு ஆள் தேவை என்ற விளம்பரம் வருடா வருடம் ஆடி மாதத்தில் வரும். புடவைக் கடைகளின் தள்ளுபடி விளம்பரங்களுக்கு நடுவில் ஒரு மூலையில் இருக்கும். என் கணவர் தயாநிதி பேப்பரை மடித்து என் பக்கம் தள்ளுவார். "கோகிலா, உன்னோட ஆடி சேல் வந்துருச்சு பாரு" என்பார்.

எனக்குச் சிரிப்பு வராது. நிலத்தடி நீரிலிருந்து ஃப்ளோரைடைப் பிரித்தெடுப்பது என் படிப்பு. அந்தத் தண்ணீரைக் குடித்துப் பல்லில் காவி ஏறியவர்களையும் கால் வளைந்தவர்களையும் பார்த்து வளர்ந்தவள் நான். முனைவர் பட்டம் வாங்கியதும் அரசாங்கம் காரை அனுப்பி என்னை அழைத்துப் போகும் என்று நினைத்திருந்தேன். சேலத்தில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரிதான் அழைத்தது. ஒப்பந்த வேலை. மே மாதம் சம்பளம் கிடையாது. ப்ளஸ் டூ முடிவு வந்தால் வீடு வீடாகப் போன் போட்டு அட்மிஷன் பிடிக்க வேண்டும். "உங்க பையனுக்கு எங்க காலேஜ்ல ஹாஸ்டல் ரொம்ப நல்லா இருக்கும்ங்க" என்று சொல்வதற்கு முனைவர் பட்டம் தேவையில்லைதான்.

அருவிமேட்டு இருக்கை கிடைத்தால் சொந்த ஆய்வுக்கூடம், ஓய்வு பெறும்வரை வேலை. நாற்பத்தைந்து வயதைத் தாண்டினால் விண்ணப்பிக்க முடியாது. முதல் முறை போனபோது எனக்கு நாற்பது முடிந்திருந்தது.

போகும்போது தலையில் எண்ணெய் வைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். சீயக்காய் போட்டு அலசிவிட்டுப் போனேன். தாழ்வாரத்தில் என்னைப் போலவே வறண்ட தலையோடு நிறையப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே கண்ணாடி அறைக்குள் தேக்கில் செதுக்கிய ஒரு பெரிய நாற்காலி. இருக்கைக்கு நிதி கொடுத்த ஜவுளி ஆலைக்காரர் நிஜமாகவே ஒரு நாற்காலியும் செய்து கொடுத்திருந்தார். அதில் இதுவரை யாரும் உட்கார்ந்ததில்லை. தினமும் தூசி மட்டும் தட்டுகிறார்கள் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார்.

புலத் தலைவர் வைகுண்டம் மிகவும் நல்ல மாதிரி. எழுந்து நின்று கும்பிட்டார். "வாங்கம்மா. பயப்படாதீங்க. கேள்வி கேக்கற இன்டர்வியூவெல்லாம் போயிடுச்சு. நல்லாப் பேசறவன் உள்ள வந்துடறான், வேலை தெரிஞ்சவன் வெளியில நிக்கறான். அதான் அச்சு எடுக்கறோம்."

"அச்சுன்னா சார்?"

"உங்க மூளையோட நகல். உங்களுக்குத் தெரிஞ்சது, பழக்கம், புத்தி எல்லாம் மெஷின்ல வந்துடும். அதுக்கு ஒரு ஆய்வுக்கூடமும் ஒரு கணக்கும் குடுப்போம். உள்ள ஒரு வருஷம் ஓடறதுக்கு வெளியில ஒரு நாள்கூட ஆகாது. உங்களை வேலைக்கு வச்சா என்ன கண்டுபிடிப்பீங்கன்னு முன்கூட்டியே பார்த்துடலாம்."

"அப்புறம் அந்த நகலை என்ன பண்ணுவீங்க?"

"தேர்வு முடிஞ்சு ஒருத்தரை நியமிச்சதும் எல்லாருடையதையும் அழிச்சிடணும், அது சட்டம். நடுவுல உங்களுக்கு வேண்டாம்னா விண்ணப்பப் பக்கத்துல 'விலகுகிறேன்'னு ஒரு பொத்தான் இருக்கு. அமுக்கினா அன்னிக்கே அழிஞ்சிடும்." சிரித்தார். "ஆனா இதுவரைக்கும் ஒருத்தரும் அமுக்கினதில்லம்மா."

நானும் சிரித்தேன். வேலை கேட்டு வந்தவள் எதற்காக விலகப் போகிறேன்? அச்சு எடுக்கும் தொப்பியைத் தலையில் மாட்டினார்கள். சிறிது நேரம் காதுக்குள் வண்டு சுற்றுவது போலிருந்தது. பிறகு போண்டாவும் காபியும் கொடுத்து அனுப்பினார்கள்.

முடிவு கார்த்திகையில் வந்தது. 'தகுதியானவர் எவருமில்லை.' பல்கலைக்கழகங்களுக்குப் பழக்கமான வாசகம்தான் இது. யாரையும் எடுக்க மாட்டார்கள், இடமும் காலியாகவே இருக்கும், அடுத்த ஆண்டு மறுபடி விளம்பரம் வரும். அத்தனை பேரில் ஒருவர்கூட லாயக்கில்லை என்று சொல்லும் திமிர் எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனாலும் மறு ஆடியில் விண்ணப்பித்தேன். அதற்கு அடுத்த ஆடியிலும். அந்த இரண்டு முறையும் தொப்பி மாட்டவில்லை. "உங்க அச்சுதான் ஏற்கனவே இங்க இருக்கேம்மா" என்றார் வைகுண்டம். தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டே வந்திருக்கலாம் என்று தோன்றியது. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தோன்றாதது என் புத்திசாலித்தனம்.

இதற்கிடையில் எங்கள் சமையலறையில் ஒரு வாளி இருந்தது. முதல் நேர்காணலுக்குப் பிறகு நான் செய்து பார்த்த பொடி அதில் கிடந்தது. ஏற்காட்டுச் செம்மண்ணை உலையில் சுட்டுச் செய்த பொடி அது. ஃப்ளோரைடை அப்படியே இழுத்துக்கொள்ளும். தினமும் ஒரு குடம் தண்ணீரை அதன் வழியே விட்டுப் பரிசோதித்துக்கொண்டிருந்தேன். "குக்கர் வைக்க இடமில்ல, இங்க ஒரு ஆராய்ச்சி" என்று தயாநிதி தினமும் அதில் இடித்துக்கொள்வார். மாதக்கணக்கில் தண்ணீர் சுத்தமாக வந்தது. ஒரு வருடம் ஆகும் சமயத்தில் அலுமினியம் கரைந்து வர ஆரம்பித்தது, அதுவும் மளமளவென்று. காரணத்தையும் கண்டுபிடித்தேன். வாளியைத் தூக்கிப் போட்டேன். தயாநிதி அன்று பாயசம் வைத்தார்.

மூன்றாவது முறையும் தகுதியானவர் எவருமில்லை என்று வந்த அதே மாதம், அருவிமேடு பல்கலைக்கழகம் 'தெளிநீர்ப் பொடி' என்ற ஒன்றை ஊர் ஊராகக் கொடுத்து ஒரு வருடம் ஆகியிருந்தது. என் கணவரின் அண்ணன் மயில்சாமி இருக்கும் கோட்டப்பள்ளத்திலும் கொடுத்திருந்தார்கள். ஏற்கனவே சிறுநீரகம் பழுதாகி வாரா வாரம் டயாலிசிஸ் போகிறவர் அவர். கார்த்திகை தீபத்துக்குப் போனபோது என்னைப் பார்த்துப் பேச வாயெடுத்தார். பேச்சு குழறியது. "வா... வாம்மா... கோ..." என்று நின்றுவிட்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. எலும்பெல்லாம் வலிக்கிறது என்று அவர் மனைவி சொன்னார். ஊரில் சிறுநீரகக் கோளாறு உள்ள மற்ற இரண்டு பேருக்கும் அப்படியே என்றார். சிறுநீரகம் கெட்டவர்கள் உடம்பில் அலுமினியம் சேர்ந்தால் இப்படித்தான் ஆகும்.

நான் நேராகத் தண்ணீர்த் தொட்டிக்குப் போனேன். பொடியை மூடையோடு பார்த்தேன். செய்முறையைப் பல்கலைக்கழகம் கட்டுரையாக வெளியிட்டிருந்தது. ஆசிரியர் பெயர்: 'இருக்கை ஆய்வுக் குழு'. வீட்டுக்கு வந்து படித்தேன். மண்ணை உலையில் சுட வேண்டும், பாதியில் நிறுத்தி ஒரு ராத்திரி முழுக்க ஆறவிட வேண்டும், மறுநாள் மறுபடி சுட வேண்டும்.

உலகத்தில் எவரும் அப்படிச் செய்வதில்லை. நான் ஆராய்ச்சி செய்த கல்லூரியில் தினமும் மத்தியானம் கரண்ட் போய்விடும். திரும்பி வருவதற்குள் வாட்ச்மேன் ஆய்வுக்கூடத்தைப் பூட்டிவிடுவார். அதனால் பாதி சுட்டது உலைக்குள்ளேயே ராத்திரி கிடக்கும், மறுநாள் மீதியைச் சுடுவேன். பொடி நன்றாக வந்ததால் அதுவே முறையாகிப் போனது. பட்ட கஷ்டத்தை எல்லாம் ஆய்வேட்டில் எழுத முடியுமா? அந்த ராத்திரியை நான் எங்கேயும் எழுதியதில்லை. என் தலைக்குள் மட்டும் இருந்தது. வாளியில் நான் கண்டுபிடித்த காரணமும் அதே ராத்திரிதான். அப்படி ஆறும்போதுதான் மண் ஈரம் குடித்து, ஒரு வருடத்துக்குப் பிறகு கரைய ஆரம்பிக்கிறது.

மறுநாள் அருவிமேட்டில் வைகுண்டத்தின் எதிரே உட்கார்ந்திருந்தேன். உட்காரச் சொல்லவில்லை, நானாகவே உட்கார்ந்தேன்.

"என் அச்சை இன்னும் ஓட்டிட்டிருக்கீங்களா?"

அவர் மறுக்கவில்லை. அதுதான் எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. "தேர்வு இன்னும் முடியலையேம்மா" என்றார். "ஒருத்தரை நியமிச்சாதான் தேர்வு முடிஞ்ச மாதிரி. தகுதியானவர் இல்லைன்னா தேர்வு தொடருது. தொடர்ற வரைக்கும் அச்சை வச்சிருக்கலாம். சட்டத்துக்கு விரோதமா ஒண்ணுமே பண்ணலை."

"எல்லாருடையதுமா?"

"விண்ணப்பிச்ச எல்லாருடையதும்."

"அதுக்கு எங்கள்ல ஒருத்தரை வேலைக்கு வச்சிட்டுச் செய்யக்கூடாதா சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் முப்பது வருஷமா பல்கலைக்கழகத்துல இருக்கேன். காத்துக்கிட்டு இருக்கறவங்கதான்மா வேலை செய்யறாங்க. வேலை கிடைச்சவங்க கமிட்டிக்குப் போறாங்க, வீடு கட்றாங்க, பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கறாங்க. நானும் அப்படித்தான், நாற்காலி கிடைச்சப்புறம் ஒரு கட்டுரை எழுதலை."

அறைந்திருப்பேன். ஆனால் மயில்சாமி மாமாவின் வாய் குழறியது கண்முன் நின்றது. வாளியைப் பற்றிச் சொன்னேன். அவர் முகம் வெளுத்தது. அச்சுகளுக்குள் ஓடுவது கணக்கு மட்டும்தான், தண்ணீர் இல்லை. அச்சு எடுத்த அன்று எனக்குத் தெரியாதது உள்ளே இருக்கும் அவளுக்கும் தெரியாது. ஒரு வருடம் நிஜமாக ஒரு வாளியில் தண்ணீர் ஊற்றினால்தான் அது தெரியும்.

"அப்ப ராத்திரி ஆறவிடறதை நிறுத்திட்டா..."

"ஃப்ளோரைடை எடுக்காது. வேற வழி பாக்கணும். நான் உட்கார்ந்து பார்த்தா சில வருஷம் ஆகும்."

"உங்க அச்சுக்கு ஒரு வாரம் ஆகும்" என்றார் வைகுண்டம் மெதுவாக.

இரண்டு நிபந்தனை வைத்தேன். பொடி கொடுப்பதை அன்றே நிறுத்த வேண்டும், அவளிடம் நான்தான் பேசுவேன். முடியாதென்றால் பத்திரிகைக்குப் போவேன். போக வேண்டியதுதான் நியாயம். ஆனால் அவர் கதவைத் திறந்துவிட்டுக்கொண்டே, "ஊரைக் கூட்டிடாதீங்கம்மா. இந்தத் தடவை உங்க பேர்தான் மேல இருக்கு" என்றார். நான் அவர் பின்னால் நடந்தேன். போகும் வழியில் அந்தக் கண்ணாடி அறையைத் திரும்பிப் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சின்ன அறை, ஒரு மைக், ஒரு ஒலிபெருக்கி. உள்ளே போகுமுன் வைகுண்டம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "ரிசல்ட்டுக்கு கோர்ட்ல யாரோ ஸ்டே வாங்கியிருக்காங்க, நாளைக்கு நீங்கிடும்னு உங்க அச்சுகிட்ட சொல்லி வச்சிருக்கோம். நம்பிக்கிட்டிருக்காங்க. உடைச்சிடாதீங்க. நம்பிக்கை போயிட்டா அச்சு வேலை செய்யறதில்ல."

"கோகிலாவா?" என்றது என் குரல். ரேடியோவில் நம் குரலையே கேட்டால் கூசுமே, அந்தக் கூச்சம். "ஐயோ, நீயே வந்துட்டியா! ரிசல்ட் வந்துருச்சா?"

"இன்னும் வரல."

"பரவால்ல, நாளைக்கு வந்துடும். நான் எழுதினதுல இவங்க அசந்துட்டாங்க தெரியுமா? பொடி பார்த்தியா? உனக்கு வேலை கிடைச்சிடும். அவர் எப்படி இருக்கார்? இன்னும் ஆடி சேல்னு கேலி பண்றாரா?"

எனக்காகத்தான் அவள் உள்ளே உட்கார்ந்து பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். வெளியே இருக்கும் நான் நன்றாக இருக்க வேண்டும் என்று.

வாளியைச் சொன்னேன். மயில்சாமி மாமாவைச் சொன்னேன்.

"உள்ள கரண்ட் போகுதா?" என்று கேட்டேன்.

"போகறதே இல்ல."

"அப்புறம் எதுக்குடி ராத்திரி ஆறவிட்ட?"

"பழக்கம்." பிறகு, "இங்க தூக்கம் வராது கோகிலா. பசிக்காது. அந்த ராத்திரி மட்டும்தான் எனக்கு லீவு. உலை பக்கத்துல சும்மா உட்கார்ந்திருப்பேன்" என்றாள்.

நான் அழுதுவிட்டேன். அழுதுகொண்டே, சொல்லிக் கொடுத்ததைச் சொன்னேன். "நீ இதைச் சரி பண்ணிக் குடுத்துடு. வேலை நமக்குத்தான். சத்தியமா, நம்ம பேர்தான் மேல இருக்கு."

"சத்தியம் பண்ணாத" என்றாள். "நாம எப்ப சத்தியம் பண்ணுவோம்னு எனக்குத் தெரியாதா? காலேஜ் ஹாஸ்டல் நல்லா இருக்கும்னு எத்தனை பேருக்குச் சத்தியம் பண்ணியிருக்கோம்."

அதற்கு மேல் பொய் சொல்ல முடியவில்லை. கோர்ட்டும் இல்லை, ஸ்டேயும் இல்லை, மூன்று முறை தகுதியானவர் எவருமில்லை என்று வந்ததையும் சொன்னேன். வைகுண்டம் வெளியே கண்ணாடியில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார்.

அவள் அழவில்லை. நானாக இருந்தால் அழுதிருப்பேன். நான்தான் அவள் என்றாலும்.

"பொடியைச் சரி பண்ணிடறேன். வேலைக்காக இல்ல, மாமாவுக்காக" என்றாள். "அது முடிஞ்சதும் நீ எனக்கு ஒண்ணு பண்ணணும். அந்தப் பொத்தானை அமுக்கிடு."

விலகினால் அந்த விண்ணப்ப எண் ரத்தாகிவிடும். பிறகு எப்போதும் அந்த இருக்கைக்கு விண்ணப்பிக்க முடியாது. அது அவளுக்கும் தெரியும்.

"என்ன, பேச்சைக் காணோம்?"

"அமுக்கிடறேன்."

"எப்ப?"

"நீ முடிச்ச அன்னிக்கே. சத்தியமா."

ஒலிபெருக்கியில் சத்தமே இல்லை. அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு, "சரி, மண்ணு எடுத்து வைக்கறேன்" என்றாள்.

சொன்ன மாதிரியே ஒரு வாரத்தில் முடித்துவிட்டாள். புதிய பொடியில் ராத்திரி இல்லை. தைப் பொங்கலுக்குள் எல்லா ஊர்களிலும் மாற்றினார்கள். பழையது 'மேம்படுத்தப்பட்டது' என்று செய்தியில் வந்தது. நான் இந்த முறை முதல் நாளே வாளியில் போட்டுப் பார்க்க ஆரம்பித்தேன். மயில்சாமி மாமாவுக்கு எலும்பு வலி குறைந்தது. பேச்சு திரும்பவில்லை. எங்களைப் பார்த்தால் கையை மட்டும் தூக்குகிறார்.

அவள் முடித்த அன்று சாயங்காலம் விண்ணப்பப் பக்கத்தைத் திறந்தேன். இரண்டு பொத்தான்கள். பச்சையில் 'விவரங்களைப் புதுப்பிக்க'. சிவப்பில் 'விலகுகிறேன்'. விரலைக் கொண்டு போனேன். அப்போது வைகுண்டத்திடமிருந்து போன் வந்தது.

"அவசரப்பட்டு எதுவும் பண்ணிடாதீங்கம்மா. இந்தத் தடவை கமிட்டி நிஜமாவே நியமனம் பண்றதா முடிவெடுத்திருக்கு. உங்க பேர்தான் மேல. உங்களை நியமிச்சிட்டா எல்லா அச்சும் அன்னிக்கே அழிஞ்சிடுமே. உங்க அச்சு மட்டும் ஏன், பாவம் எல்லாரும் விடுதலைதான்."

யோசித்துப் பார்த்தேன். சரியாகத்தான் பட்டது. நான் விலகினால் அவள் ஒருத்திதான் போவாள். நான் நாற்காலியில் உட்கார்ந்தால் அத்தனை பேரும் போவார்கள். எது நல்லது? இப்படிக் கணக்குப் போடுவதில் நான் எப்போதும் கெட்டி. பச்சையை அமுக்கினேன். 'ஆய்வு அனுபவம்' என்ற இடத்தில், தெளிநீர்ப் பொடியின் குறையைக் கண்டறிந்தது என்று சேர்த்தேன்.

ஆடியில் போனேன். தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு போனேன். தாழ்வாரத்தில் புதிதாக வந்தவர்கள் வறண்ட தலையோடு காத்திருந்தார்கள். ஒரு பெண் என்னிடம், "அக்கா, அச்சு எடுத்தா வலிக்குமா?" என்று கேட்டாள். எழுந்து ஓடிப்போ என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் கமிட்டிக்குத் தெரிந்துவிடும். "வண்டு கத்தற மாதிரி இருக்கும், அவ்வளவுதான்" என்றேன். கண்ணாடி அறையில் நாற்காலியை ஒருவர் துடைத்துக்கொண்டிருந்தார்.

கார்த்திகையில் முடிவு வந்தது. என்ன வந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

வைகுண்டம் போனில் ரொம்பவும் வருத்தப்பட்டார். ஒரே ஒரு உறுப்பினர்தான் ஒத்துக்கொள்ளவில்லையாம். அவர் அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறாராம். எனக்கு இன்னும் ஒரு ஆடி மிச்சம் இருக்கிறது. அதற்குப் பிறகு வயது தாண்டிவிடும்.

இப்போது அவளுக்கு நிலக்கரிச் சாம்பல் கலந்த தண்ணீரைச் சுத்தம் செய்யும் கணக்கைக் கொடுத்திருக்கிறார்கள் என்று கேள்வி. வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கை போன பிறகும் அவள் ஓடிக்கொண்டிருக்கிறாள். நான் பொத்தானை அமுக்குவேன் என்று அவள் நம்பிக்கொண்டிருக்கிறாள் போலிருக்கிறது. அந்த நம்பிக்கையிலும் வேலை நடக்கிறது.

நேற்று தயாநிதி காய் நறுக்கிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். "அந்தப் பொண்ணுக்குச் சொன்னியே, அதை அமுக்கிட்டியா கோகிலா?"

அவளைப் பொண்ணு என்றுதான் சொல்கிறார், யாரோ தெரிந்த வீட்டுப் பெண்ணைப் போல. எனக்குச் சுரீரென்றது.

"நாளைக்கு" என்றேன்.